வலிக்காத வயிறு

அன்பரசி: ஆடாதய்யா, படு. டியூப் இழுத்துக்கும்.

ராஜாக்கண்ணு: நான் எங்க ஆடுறேன்... மூக்குல ஒண்ணு, கையில ஒண்ணு, வயித்துல ஒண்ணு. மூக்கணாங்கயிறு போட்ட மாடு மாதிரி கெடக்குறேன். என் வண்டி எங்க?

அன்பரசி: கண்ணத் தெறந்ததும் பொண்டாட்டியக் கேக்கல, வண்டியக் கேக்குது பாரு. ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்குது.

ராஜாக்கண்ணு: பின்னாடி புளி மூட்டை இருந்துச்சே?

அன்பரசி: உன் தம்பி தனசேகரன் வந்து எறக்கிக்கினு போய்ட்டான். நீ கண்ண மூடு.

ராஜாக்கண்ணு: சரி... உன் வயித்து வலி இன்னா ஆச்சு?

அன்பரசி: இன்னா வலி?

ராஜாக்கண்ணு: இன்னா வலியா! காவலூர்ல கெளம்புனதுல இருந்து வாணியம்பாடி வர்ற வரைக்கும் ‘ஐயோ அம்மா’ன்னு கத்திக்கினு வந்தியே.

அன்பரசி: அது... போய்டுச்சு.

ராஜாக்கண்ணு: எப்படிப் போச்சு?

அன்பரசி: வந்த மாதிரியே போய்டுச்சு.

ராஜாக்கண்ணு: வலி உனக்கு, ஆப்பரேசன் எனக்கு. இன்னா ஞாயம்மே இது?

அன்பரசி: சிரிக்காத, தையல் பிரிஞ்சிடும்... உஷ், டாக்டரம்மா வர்றாங்க.

சைமா: முழிச்சிட்டீங்களா ராஜாக்கண்ணு அண்ணா! நான் யாருன்னு தெரியுதா?

ராஜாக்கண்ணு: சைமா டாக்டர மறப்பனா? மாசாமாசம் டிரிப்ஸ்ல ஊசி ஏத்துறவங்க ஆச்சே. முடக்குவாதம் வந்து கோழிக்கால் மாதிரி சுருண்டுக்கினு இருந்த கை இது. இந்தா பாருங்க, எப்படி விரியுதுன்னு...

அன்பரசி: ஊசி இருக்குற கைய ஏன்யா தூக்குற?

ராஜாக்கண்ணு: சாவியத் திருப்ப முடியாம இருந்தேன் டாக்டரம்மா. சட்டப் பட்டன்கூட இவதான் போட்டு வுடுவா. நாலாவது ஊசிக்கு அப்புறம் வண்டிய எடுத்துக்கினு ஜமுனாமரத்தூர் வரைக்கும் போய்ட்டு வந்தேன். திரும்பி வந்து ஸ்டியரிங்கக் கட்டிப் புடிச்சு அழுதேன்... இவளுக்குத் தெரியாது.

அன்பரசி: தெரியும்.

சைமா: அண்ணா, முந்தாநாள் என்ன நடந்துச்சுன்னு சொல்லட்டுமா? பயப்படக் கூடாது. ஆபத்தெல்லாம் தாண்டிட்டீங்க.

ராஜாக்கண்ணு: கேஸ்தான? ஊர்ல ஒரு கிளினிக்குல அப்படித்தான் சொன்னாங்க. கொஞ்சம் கனமா இருந்துச்சு, சாமைக்களி தின்னு செரிக்காத மாதிரி...

சைமா: கேஸ் இல்லண்ணா. உங்களுக்கு குடல்வால் வெடிச்சிருந்துச்சு.

ராஜாக்கண்ணு: எப்போ?

சைமா: நீங்க மலை எறங்குறதுக்கு முன்னாடியே. ரெண்டு நாளாவது ஆகியிருக்கும்னு சர்ஜன் சொல்றாரு. வயிறு முழுக்க சீழ்.

அன்பரசி: இன்னாய்யா, தண்ணி வேணுமா? நாக்க மட்டும் நனைச்சு வுடட்டா?

ராஜாக்கண்ணு: இரு... டாக்டரம்மா, வெடிச்சா வலிக்காதா?

சைமா: வலியா? மத்தவங்களா இருந்தா தரையில புரண்டிருப்பாங்க. வயிறு பலகை மாதிரி இறுகிப் போகும், தொட விட மாட்டாங்க. நீங்க என்னடான்னா, அமுக்கிப் பாத்தா ‘லேசா கீது’ன்னு சிரிக்கிறீங்க. வயித்தத் தெறந்ததும் சர்ஜன் அப்படியே நின்னுட்டாரு. இவ்ளோ வருஷத்துல இப்படிப் பாத்ததே இல்லன்னு, வெளிய வந்து என்கிட்ட சொன்னாரு.

ராஜாக்கண்ணு: இந்த வயித்த வெச்சுக்கினா நான் அத்தனை வளைவும் திருப்புனேன்?

அன்பரசி: நடுவுல ஒரு குரங்குக்கு பிரேக் வேற போட்ட.

சைமா: அல்லாஹ்! ... அண்ணா, இத எப்படிச் சொல்றது... காய்ச்சல், வீக்கம், வலி எல்லாம் கிருமி போடுற சத்தம்னு நெனைக்கிறோம். இல்ல. பாதிக்கு மேல உங்க உடம்பே போடுற கூச்சல் அது, கிருமிய விரட்ட. அந்தக் கூச்சல்தான் தப்பா உங்க மூட்டு மேலயே பாய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அத அடக்கத்தான் ஊசி, கூட அந்தச் சின்ன ஸ்டீராய்டு மாத்திரை. ஆனா மருந்துக்கு மூட்டு வேற, வயிறு வேறன்னு தெரியாதே...

ராஜாக்கண்ணு: வாயப் பொத்திடுச்சு.

சைமா: நல்லாவே பொத்திடுச்சு. காய்ச்சல் இல்ல. உள்ள புண்ணு இருந்தா ரத்தத்துல சி.ஆர்.பி.ன்னு ஒண்ணு ஏறும். உங்களுக்கு அதுவும் நார்மல். இந்த ஊசி போட்டவங்களுக்கு அத நம்ப முடியாது.

அன்பரசி: எங்க மலையில காடு பத்திக்கினா பொகையப் பாத்துதான் ஓடுவோம். பொகையே வராத தீயா டாக்டரம்மா இது?

சைமா: அதேதான் அக்கா. எங்க ஸ்கேன் டாக்டர் படத்தப் பாத்துட்டு, ‘பேர் மாறிப் போச்சா? இந்த வயித்துக்காரர் எந்த ஸ்ட்ரெச்சர்ல இருக்காரு?’ன்னு கேட்டாரு. ‘ஸ்ட்ரெச்சர்ல இல்ல சார், வெளிய நின்னுக்கிட்டு காபி எங்க கிடைக்கும்னு கேட்டுக்கிட்டு இருக்காரு’ன்னு சிஸ்டர் சொன்னாங்க.

ராஜாக்கண்ணு: பச்சத் தண்ணி கூட குடிக்கக் கூடாதுன்னு அந்த சிஸ்டர் என்னை வெரட்டுனது அதுக்குத்தானா...

சைமா: வலியே இல்லாம இப்படி ஆகும்னு பாடத்துல படிச்சிருக்கேன்ணா. கண்ணால பாத்தது உங்களத்தான்.

ராஜாக்கண்ணு: அது சரி. காய்ச்சல் இல்ல, வலி இல்ல, ரத்தம் நல்லா கீது. அப்புறம் என்னை ஏன் ஸ்கேனுக்குள்ள தள்ளுனீங்க? வைத்தியத்துக்கு வந்தது இவ தான?

அன்பரசி: டாக்டரம்மா, உங்களுக்கு வேற பேஷண்ட்டு இருப்பாங்க...

ராஜாக்கண்ணு: நீ இரு. நான்தான இவள வீல் சேர்ல உக்கார வெச்சு தள்ளிக்கினு வந்தேன்?

சைமா: நீங்கதான் தள்ளிக்கிட்டு வந்தீங்க. என் ரூமுக்குள்ள வந்ததும் அக்கா எழுந்து நின்னாங்க. ‘எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. இவர உக்கார வைங்க’ன்னாங்க.

ராஜாக்கண்ணு: இன்னாது? அப்போ அந்த ‘ஐயோ அம்மா’?

அன்பரசி: சும்மா.

ராஜாக்கண்ணு: வாசப்படியில சுருண்டு உக்காந்தது?

அன்பரசி: அதுவும்தான்.

ராஜாக்கண்ணு: அடிப்பாவி! ஒரு நோயாளிய ஏமாத்தி வண்டி ஓட்ட வெச்சிருக்கியே!

அன்பரசி: பின்ன இன்னா பண்ணச் சொல்ற? வாய்யா ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். கேஸு கேஸுன்ன. தனசேகரன விட்டுக் கூப்பிட்டேன். அவனயும் திருப்பி அனுப்பிட்ட. எனக்கு வலின்னாதான் நீ சாவிய எடுப்ப.

சைமா: அக்கா, எனக்கும் கேக்கணும்னு இருந்துச்சு. எத வெச்சு சந்தேகப்பட்டீங்க?

அன்பரசி: ரெண்டு நாளா இவரு யாரையும் வையல டாக்டரம்மா. கூழுல உப்பு இல்ல, அப்படியே குடிச்சிட்டு வெச்சிட்டாரு. ஹாரன் அடிக்காம ஒரு வளைவும் திரும்ப மாட்டாரு, அன்னைக்கு சும்மா வந்து எறங்குனாரு. சரி, அசதின்னு நெனைச்சேன். மத்தியானம் படுத்துக்கினு இருந்தாரு. சட்டப் பையில போன் அடிச்சுது, எடுக்கலாம்னு கைய வெச்சேன்...

சைமா: ம்...

அன்பரசி: நெஞ்சு அடிக்குது பாருங்க, நாயி தொரத்துன ஆட்டுக்குட்டி மாதிரி. படுத்துக்கினு இருக்குற மனுசனுக்கு ஏன் அப்படி ஓடுது? நெத்தியத் தொட்டா சில்லுன்னு கீது. அப்பதான் நீங்க சொன்னது தோணுச்சு. மொத ஊசி போடும்போது சொன்னீங்களே, ‘உள்ள ஏதாவது ஆனாலும் காய்ச்சல் வராம போகலாம், ஆளு ஒரு மாதிரி இருந்தாலே கூட்டிட்டு வாங்க’ன்னு.

சைமா: எல்லார்கிட்டயும் சொல்வேன் அக்கா. தலையாட்டிட்டுப் போயிடுவாங்க.

அன்பரசி: இவரும்தான் தலையாட்டுனாரு. கண்ணு ஜன்னல் வழியா வண்டி மேல இருந்துச்சு.

சைமா: அந்த நாடித் துடிப்பு ஒண்ணுதான் எங்களுக்கும் கிடைச்சுது. மருந்தால அத மறைக்க முடியல... இன்னும் ஒரு நாள் போயிருந்தா... விடுங்க. நடக்கல.

ராஜாக்கண்ணு: டாக்டரம்மா... ஊசி?

சைமா: இப்போதைக்கு நிறுத்தித்தான் வைக்கணும். இந்தச் சீழ் சுத்தமா ஆறணும், புண்ணு மூடணும். அப்புறம் திரும்ப ஆரம்பிக்கலாமான்னு பாத்து முடிவு பண்ணலாம்.

ராஜாக்கண்ணு: கை திரும்ப மூடிக்குமா?

சைமா: கொஞ்சம் இறுகலாம். வலிக்கு வேற பாத்துக்குவோம். மருந்து உங்க எதிரி இல்லண்ணா, உங்க கையத் திருப்பிக் குடுத்ததும் அதுதான். இனிமே எந்த டாக்டர்கிட்ட போனாலும், என்ன ஊசி போடுறேன்னு மொதல்ல சொல்லுங்க. நீங்களா நிறுத்தவும் கூடாது, நீங்களா மறைக்கவும் கூடாது. நான் சாயங்காலம் வர்றேன்.

அன்பரசி: போய்ட்டு வாங்க டாக்டரம்மா... இன்னாய்யா, கோவமா? பொய் சொன்னது தப்புதான். பட்டன நான் போட்டு வுடுறேன். சாப்பாடு ஊட்டணும்னாலும் ஊட்டுறேன். வண்டிய கொஞ்ச நாளு தனசேகரன் ஓட்டட்டும்... ஏதாவது பேசுய்யா.

ராஜாக்கண்ணு: உனக்கு வலி வந்தா நீ பேசவே மாட்ட.

அன்பரசி: இன்னா?

ராஜாக்கண்ணு: நம்ம பூவிழி பொறக்கும்போது பாத்தேனே. பல்லக் கடிச்சுக்கினு ஒரு சத்தம் இல்ல. அன்னைக்கு வண்டியில வழியெல்லாம் பேசிக்கினே வந்த. ஒரு தடவ எடது பக்கம் புடிச்ச, ஒரு தடவ வலது பக்கம் புடிச்ச.

அன்பரசி: அப்போ... நான் நடிக்கிறேன்னு உனக்குத் தெரியுமா?

ராஜாக்கண்ணு: ஆலங்காயம் தாண்டுறதுக்கு முன்னாடியே தெரியும்.

அன்பரசி: தெரிஞ்சும் ஏன்யா வண்டியத் திருப்பல?

ராஜாக்கண்ணு: கெளம்புறதுக்கு ரெண்டு நாளு முன்னாடி காலையில, உள்ள என்னமோ பட்டுன்னு வுட்டுப் போச்சு அன்பு. அது கேஸ் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். வாயத் தெறந்தா ஊசிய நிறுத்திடுவாங்க, கை மூடிக்கும்னு ஒரு பயம். தெறக்காட்டி செத்துருவேன்னு ஒரு பயம்... நீ வயித்தப் புடிச்சுக்கினு உக்காந்த பாரு, நானா வாயத் தெறக்க வேணாம்னு அப்பாடான்னு சாவிய எடுத்தேன்.