பூதலிங்க ஆசாரி கயிறு இழுத்த கதை

ரொம்ப காலத்துக்கு முந்தி, இந்த மலைக்கு ரோடு போடாத நாள்ல, மிளகுப் பொதியெல்லாம் மாட்டு முதுகுல இறங்கி வந்துச்சாம். அப்போ இதே மருதடியூர்ல பூதலிங்க ஆசாரின்னு ஒருத்தர் இருந்தாராம். எங்க பாட்டாவுக்குப் பாட்டா. கடைசல்காரர். கட்டில் கால், தொட்டில் கம்பு, பிள்ளைகளுக்குச் செப்புச்சாமான், எல்லாம் கடைவாராம். அவரு கடைஞ்ச காலைத் தடவிப் பாத்தவங்க, இது மரமா மெழுகான்னு கேப்பாகளாம்.

கடைசல் எப்படின்னா, ரெண்டு முளைக்கு நடுவுல மரத்தைப் பூட்டி, மரத்துமேல கயித்தைச் சுத்திருவாக. அந்தப் பக்கம் ஒரு ஆள் உக்காந்து வலக்கை, இடக்கைன்னு மாத்தி மாத்தி இழுக்கணும். மரம் இப்படியும் அப்படியும் சுத்தும். இந்தப் பக்கம் ஒரு ஆள் உளி பிடிக்கணும். மரம் தன்னைப் பாத்துச் சுத்தும்போது வெட்டணும், மறுபக்கம் சுத்தும்போது உளியை எடுத்துக்கிடணும். உளி பிடிச்சது ஆசாரி. கயிறு இழுத்தது அவரு பெஞ்சாதி வடிவு. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அவதான் இழுத்தா. பேரு உளிக்கு, வேர்வை கயித்துக்கு. அப்படித்தான் இருந்துச்சு.

ஒரு நாள் அரண்மனையிலேருந்து ஆள் வந்துச்சாம். பெரிய நாச்சியார் கையில எங்கேயோ கப்பல்ல வந்த ஒரு மிளகுத் திரிகை இருந்துச்சு. மரத்தால செஞ்சது, ஒரு சாண் உசரம். வயித்துக்குள்ள மிளகைப் போட்டு, கீழே பிடிச்சுக்கிட்டு தலையைத் திருகினா, அடியில தூளாக் கொட்டும். அது கீழே விழுந்து பிளந்துபோச்சு. உள்ளே இருக்கிற இரும்புப் பல்லு நல்லாத்தான் இருக்கு, மரம்தான் போச்சு, புதுசாக் கடைஞ்சு கொடுக்கணும்னாகளாம்.

இது என்ன பெரிய காரியம்னு ஆசாரி வாங்கி வச்சாரு. வெளியழகாக் கடைஞ்சாரு. கடைஞ்சு முடிச்சு நடுவுல துளை போட்டா, துளை ஒரு பக்கமா ஒதுங்கிப் போச்சு. தலை உக்காரல. திருகினா ஆடுது. இன்னொண்ணு கடைஞ்சாரு, பிளந்துச்சு. இன்னொண்ணு, அதுவும் பிளந்துச்சு. பட்டறை முழுக்க பிளந்த கட்டை.

வடிவு கயித்தை மடியில வச்சுக்கிட்டுச் சொன்னாளாம்:

"முதல்ல துளையைப் போடுங்க. பொறவு துளையிலயே முளையைக் கொடுத்துப் பூட்டி வெளியே கடைங்க. அப்போ துளை எங்க போகும்? நடுவுலதானே நிக்கும்."

அவரு சிரிச்சாராம். கயிறு இழுக்கிற கழுதைக்கு உளி பிடிக்கத் தெரியுமோன்னாராம். அவளும் விடல, தெரியும்னா. அப்படின்னா நீயே கடையேன்னு உளியை அவ முன்னால போட்டுட்டாரு. விளையாட்டுக்குத்தான் போட்டாரு. அவ எடுத்துட்டா.

அவரு விளையாட்டாக் கயிறு இழுக்க, அவ ஈட்டி மரத்துல கடைஞ்சா. தலை உடம்புல, பூவுக்குக் காம்பு மாதிரி உக்காந்துச்சாம். திருகினா சத்தமில்லை. அடியில கறுப்பும் வெள்ளையுமா மிளகுத் தூளு. நாச்சியார் மோந்து பாத்துட்டு, இது கப்பல்ல வந்ததை விட நல்லாயிருக்கே, யாரு கடைஞ்சதுன்னு கேட்டாகளாம். கொண்டுபோன ஆளு வாய் சும்மா இருக்குமா? ஆசாரி பெஞ்சாதி கடைஞ்சான்னு சொல்லிப்பிட்டான்.

அங்கே பிடிச்சுச்சு ஆசாரிக்கு.

சந்தைக்குப் போனா, என்ன ஆசாரி, வீட்டுல சௌக்கியமான்னு வடிவைத்தான் விசாரிக்காக. செட்டியார் வீட்டு ஆச்சி வந்தாக. ஆசாரியைத் தாண்டிப் போயி வடிவுகிட்ட உக்காந்தாக. அவரைப் பெத்த தாயே, உம் பெஞ்சாதி கைக்கு என்ன ஒரு லட்சணம்டேன்னாளாம். ஒவ்வொரு சொல்லும் அவருக்கு முள்ளு. ரசத்துல மிளகு மணந்தா இலையைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுருவாராம். மாதிரிக்குன்னு கடைஞ்சு வீட்டுல வச்சிருந்த ஒரு திரிகையை அவ தடவிப் பாத்தா, அவரு வேற பக்கம் திரும்பிக்கிடுவாராம். ஆளில்லாத நேரமாப் பாத்து அவரே அதைக் கையில எடுப்பாராம். எடுத்து, எங்கேயாவது ஒரு பிசிறு இருக்கான்னு விரலால தேடுவாராம். பிசிறு இருக்காது. அதுக்கும் எரியும்.

அப்போ நாச்சியார் மக கல்யாணம் வந்துச்சு. சீர்வரிசையில வைக்க இன்னும் திரிகைகள் வேணும், வடிவு கையாலயே வேணும்னு இரும்புப் பல்லையும் கொடுத்துச் சொல்லி விட்டாக. வடிவு உளி பிடிச்சா கயிறு யாரு இழுக்கது? ஆசாரிதான் திரும்பவும் இழுக்கணும். இழுத்தாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தாரு. தெருவுல போறவன் நின்னு பாத்துட்டு, பெஞ்சாதி கடையுதா, புருசன் இழுக்கானான்னு சிரிச்சுட்டுப் போவான்.

ஒரு நாள் அவ திரிகையோட தலைக்குள்ள குடைஞ்சுக்கிட்டு இருக்கா. உளி நுனி உள்ளே கிடக்கு. எதிர்ல உக்காந்து அவ மூஞ்சியைப் பாத்தாராம். அவ உதட்டுல ஒரு சின்னச் சிரிப்பு. வேலை நல்லா வருதுங்கிற சிரிப்பு, வேற ஒண்ணுமில்லை. அதைப் பாத்தாரு. கயித்தைச் சடக்குன்னு வெட்டி இழுத்துட்டாரு.

உளி கவ்விச்சு. எகிறி வந்து அவ இடக்கையில இறங்கிருச்சு.

ஊரு கூடுச்சு. என்ன ஆச்சுன்னு கேட்டாக. உளி வழுக்கிருச்சுன்னு சொன்னா வடிவு. அவரைப் பாத்துக்கிட்டே சொன்னாளாம். பொம்பளை உளி தொட்டா இப்படித்தான் ஆகும்னு ஊரு சொல்லுச்சு. அவரு குனிஞ்சு கயித்தைச் சுருட்டினாரு.

மிச்ச வேலை அவரு கைக்கு வந்துச்சு. அவரு ஆசைப்பட்டதுதானே? அவ சொன்னபடியே முதல்ல துளை போட்டுப் பூட்டி, உளி பிடிச்சு உக்காந்தாரு. கயிறு இழுக்க ஆளில்லையேன்னு யோசிக்கும்போது வடிவு வந்து எதிர்ல உக்காந்தாளாம். இடக்கையில துணிக்கட்டு. கயித்தை முழங்கைல சுத்திக்கிட்டு, ம், கடைங்கன்னா.

அவரு உளியை உள்ளே விடும்போதெல்லாம், இப்போ வெட்டி இழுப்பா, இப்போ இழுப்பான்னு காத்துக்கிட்டே இருந்தாராம். அவ இழுக்கல. எண்ணெய் ஒழுகுற மாதிரி கயிறு போச்சு, வந்துச்சு. பொழுது சாயிற வரைக்கும் காத்திருந்தாரு. ஒரு தடவை கூட கயிறு துள்ளல. இந்த மனசும் நமக்கு இல்லையே, இதுவும் அவளுக்குத்தானான்னு, அதுக்கும் பொறாமைப்பட்டாராம் மனுசன். அப்படியாப்பட்ட பொறாமை.

திரிகைகளைத் தூக்கிக்கிட்டு அரண்மனைக்குப் போனாரு. சபை நிறைய ஆளு. நாச்சியார் கடைசலைப் பாத்துட்டு, ஆம்பளை கை ஆம்பளை கைதான், பாவம் அவளுக்கு உளி வழுக்கிருச்சாமேன்னாக. எத்தனையோ நாளா அவரு கேக்க ஏங்குன சொல்லு அது. கேட்டதும் தோள்துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுச் சொன்னாராம்:

"உளி வழுக்கலைம்மா. நான்தான் கயித்தை வெட்டி இழுத்தேன். எம் பெஞ்சாதி என்னை விட நல்லாக் கடையுறா. பொறுக்க முடியல, இழுத்துட்டேன்."

நாச்சியார் உள்ளே எந்திரிச்சுப் போயிட்டாக.

அவரு வீடு வந்து சேருறதுக்குள்ள சேதி வந்து சேந்துருச்சு. வாசல்ல பிள்ளைக கூட, அந்தா கயித்தாசாரி வாராருன்னு கத்துச்சாம். அவரு திரும்பிப் பாக்கல. நேரே பட்டறைக்குள்ள போயி, உளியை எடுத்து வடிவு உக்காருற பக்கம் வச்சுட்டு, கயித்துப் பக்கம் உக்காந்தாரு. அதுக்குப் பொறவு சாகுற மட்டும் அவரு உளி தொடல.

வடிவுக்கு இடக்கையில ரெண்டு விரலு மடங்காமலே போச்சு. மடங்காத விரலை வச்சுக்கிட்டே கடைஞ்சா. அவரை மன்னிச்சாளா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. அவ சொல்லல. ஆனா தினமும் உளியை மரத்துல வைக்கிறதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லுவாளாம்.

"பாத்து இழுங்க."

அவரும் தலையை நிமித்தி, "உன் கை தெரியுது"ன்னு சொல்லுவாராம். சொன்ன பொறவுதான் கயிறு நகரும். கிழவன் கிழவி ஆகுற வரைக்கும் சொன்னாகளாம்.

அதனாலதான் எங்க வகையறாவுக்குக் கயித்தாசாரி வகையறான்னு பேரு. ஏச்சாக் கொடுத்த பேரு, நாங்க கல்யாணப் பத்திரிகையில போடுறோம். மருதடியூர்ல இப்பவும் ரெண்டு பேரு சேந்து ஒரு வேலையில கை வச்சா, கிணத்துல வாளி இறக்கட்டும், தேர் வடம் பிடிக்கட்டும், ஒருத்தர் பாத்து இழுன்னு சொல்லணும், மத்தவரு உன் கை தெரியுதுன்னு சொல்லணும். பட்டறைக்குக் கரண்டு வந்து இத்தனை காலம் ஆச்சு. இன்னைக்கும் எங்க ஆளுக சுவிட்சைப் போடுறதுக்கு முந்தி ஒரு நிமிசம் நின்னு சொல்லிட்டுத்தான் போடுவாக. மோட்டார் பதில் சொல்லாது. பக்கத்துல நிக்கிறவங்க யாராவது சொல்லுவாக.