வரிசை முடியிற வரைக்கும்

அங்க மிதிக்காதீங்க எலியேசர் அண்ணே, அது புல்லு இல்ல, கேரட்டு. சான் ஹொசே டவுனுல காரு ஓட்டி ஓட்டி செடியப் பாத்தே நாளாச்சு போல. ஷூவக் கழட்டிட்டு இப்படி வந்து குந்துங்க. உங்கம்மா விஷயந்தானே? தெரியும். இந்த ஒரு வரிசையக் கலைச்சு முடிச்சதும் பேசலாம். மழை எறங்கறதுக்குள்ள முடிக்கணும், நீங்களும் ஒரு கை போடுங்க.

கலைக்கிறதுன்னா புடுங்கறதுதான். ஏன் முழிக்கிறீங்க? விதை பொடிப்பொடியா இருக்கும், எண்ணியா போட முடியும்? மணலோட கலந்து தூவி, ஈரச் சாக்கப் போட்டு மூடிட வேண்டியதுதான். தேய்பிறைலதான் தூவணும்னு மேல்பா சித்தி இருந்தவரைக்கும் சொல்லும். நானும் அப்படித்தான் செய்யறேன், நிலா என்னத்தப் பண்ணுதோ. மொளைக்கும்போது ஒண்ணு மேல ஒண்ணு நெருக்கிக்கிட்டு நிக்கும். அப்படியே விட்டா எதுவும் தேறாது, எல்லாம் எலிவாலு மாதிரி போயிடும். நல்லதா ஒண்ண விட்டுட்டுப் பக்கத்துல இருக்கறத எடுத்துடணும். நடுவுல ரெண்டு விரல் எடம்.

அத விடுங்க, அது தடியா இருக்கு. ஒல்லியாப் பாத்துப் புடுங்குங்க. மெதுவா. என்ன, பாவமா இருக்கா? நம்ம வீட்டுல யாருக்கும் இது கஷ்டமா இருந்து நான் பாத்ததில்லையே.

சும்மா சொன்னேன். செய்யுங்க.

ஆக, நிதியா அக்கா வீட்டுல மாடிப்படி ஏற முடியல. ஒல்மான் வீட்டுல நாய், உங்கம்மாவுக்கு நாய் ஆகாது. சின்னவன் பொண்டாட்டிக்கு உங்கம்மாவே ஆகாது. உங்க வீட்டுல? ஓ, முன் ரூம இடிச்சுப் பெருசாக் கட்டுறீங்களா. கட்டுங்க கட்டுங்க, வர்றவங்கள உக்கார வைக்கலாம். நாலு வீடு, நாலு வீட்டுலயும் மாதா படம், ஒரு கட்டில் போடத்தான் எடமில்ல.

சரி சரி, நம்ம அம்மா. உங்கம்மான்னுதான் வாய்ல வருது, பழகிப் போச்சு.

புடுங்கினதத் திருப்பி நடலாமான்னா? நடக் கூடாதும்பாங்க. வேரு மடங்கி, ரெண்டு காலாப் பொளந்து, கோணல்மாணலா வரும். சந்தையில எவனும் தொட மாட்டான். சூப்புல போட்டா ருசி அதேதான். அந்த மூலையில கொஞ்சம் நட்டு வச்சிருக்கேன், போகும்போது பாருங்க, வேடிக்கையா இருக்கும்.

அட, நான் கோவமா ஒண்ணும் சொல்லல. சித்திக்குப் புள்ள இல்ல, உங்க வீட்டுல அஞ்சு வாயி. ஒண்ணக் குடுத்துட்டாங்க. இந்த மலையில பாதிப் பேரு அப்படி வளந்தவங்கதான். அஞ்சுல ஏன் நான்னு ஒரே ஒரு தடவ சித்திகிட்டக் கேட்டேன். நீதான் ஒல்லியா இருந்தேன்னுச்சு. அதுக்குப் பொய் சொல்ல வராது.

அவ்வளவுதான், வரிசை முடிஞ்சுது. இடுப்பு புடிச்சுக்கிச்சா? என்ன, காரு பக்கமே பாக்கறீங்க. நீங்க வளைவுல திரும்பும்போதே நானும் பாத்துட்டேன். பின்சீட்டுல உக்காந்திருக்காங்க, மடியில துணிப்பை. கண்ணாடிய எறக்கி விட்டிருக்கீங்கல்ல? சரி.

என்னைக் கொண்டாந்து விட்ட அன்னிக்கும் பெரியவங்க உள்ள உக்காந்து பேசுனாங்க. நான் இங்கதான், இந்தப் பாத்தி ஓரமா நின்னேன், மடிச்ச துணியக் கையில வச்சுக்கிட்டு. பேசி முடிக்க ஏறக்குறைய ஒரு வரிசை கலைக்கிற நேரம் ஆச்சு. அதான், முடியட்டும்னு இருந்தேன்.

போங்க, கூட்டிட்டு வாங்க. நிதியா அக்கா நேத்தே போன் பண்ணிட்டா, கட்டில் விரிச்சாச்சு. வெல்லத் தண்ணி அடுப்புல கொதிக்குது. அதுல பால் விடணுமா வேண்டாமான்னு மட்டும் அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. எனக்குத் தெரியாது.