அசையாத தொண்ணூற்றேழு

நான் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசுகிற ஆள் இல்லை, ஐயா. நடந்துகொண்டே சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் கிளிப்பைப் பார்த்திருப்பீர்கள். அதன் சிவப்பு வெளிச்சம் விரலுக்குள் புகுந்து மறுபக்கம் வரும். நாடி துடிக்கத் துடிக்க அந்த வெளிச்சம் கூடும், குறையும். அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று கணக்கிடுவதுதான் என் வேலை. விரல் ஆடினால் எல்லாம் குழம்பி, கருவி சும்மா சும்மா அலறும். நர்ஸுகள் ஓடி ஓடி அலுத்து, கடைசியில் புலி வருது கதையாகிவிடும்.

அதனால் ஒரு விதி எழுதினேன். விரல் ஆடும்போது வருவதை நம்பாதே. கடைசியாக வந்த நல்ல எண்ணையே காட்டு. அப்படிக் காட்டும்போது பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மின்னும்.

"அதைப் பாத்தாலே பயமா இருக்கு சார்" என்றார் தலைமை நர்ஸ். எடுத்துவிட்டேன். நியாயமான கோரிக்கைதானே?

மூச்சு முட்டுகிறவன் கைகாலை உதறுவான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. விதியை எழுதிய அன்றே தெரியும். இந்த ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா?

கருவியைச் சோதனைக்கு வைத்திருந்த வார்டில்தான் என் அண்ணன் நிமோனியாவோடு படுத்திருந்தான். அன்று சோதனையின் கடைசி நாள். இருபது நாளில் ஒரு பொய் அலறல்கூட இல்லை. மாலையைத் தாண்டினால் கருவி தேறிவிடும். நான்கு வருட உழைப்பு, ஐயா.

மத்தியானம் அண்ணன் புரள ஆரம்பித்தான். படுக்கையைப் பிறாண்டினான். அண்ணி பதறிப்போனார்.

"தம்பி, உதடெல்லாம் நீலமா இருக்கே. நர்ஸைக் கூப்பிடவா?"

"தொண்ணூத்தேழு காட்டுது பாருங்க அண்ணி. பயப்படாம உக்காருங்க."

"நீ செஞ்ச மெஷினு. உனக்குத் தெரியாததா" என்று உட்கார்ந்துவிட்டார்.

அது பழைய எண் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிடம். பிறகு அண்ணனின் கை அடங்கியது. கருவி நாற்பத்தொன்று என்று காட்டி அலறியது. டாக்டர் ஓடி வருவதற்குள் அண்ணன் போய்விட்டான். அந்த அலறல் பொய் இல்லை, சோதனை தேறிவிட்டது.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: காலையில் கிளிப்பை மாட்டும்போதே, "கையை ஆட்டாம வச்சுக்கண்ணே" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவன் என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறான்?