வலியைப் படம் காட்டிக் கேட்டவருக்கு

நாவிழந்தோர்க்கு நாவாகி நின்ற நல்லவரே! சொல் சிக்கிய தொண்டைகளுக்குச் சோர்வறியாத் துணையாய் வந்த தூயவரே! பக்கவாதப் பிரிவின் பேச்சுச் சிகிச்சையாளராய்ப் பணியேற்று, பெருக்குபவர் முதல் நோயாளர் வரை எல்லார் வாயிலும் 'பேச்சக்கா' என்றே புழங்கிய பெருமாட்டியே! வணக்கம்.

இந்தப் பணிநிறைவு வாழ்த்து மடலில் பொறுமை, பணிவு, புன்னகை என்று அடுக்கி எழுதுங்கள் என்று மேலிடத்திலிருந்து எங்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். அம்மையாரின் பொறுமை நோயாளிகளுக்கு மட்டுமே உரியது. பணிவைப் பற்றி மேலிடமே சாட்சி சொல்லட்டும். ஆகவே நடந்ததை அவையோருக்குச் சொல்கிறோம், அம்மையார் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

மூளையில் இரத்தக்குழாய் அடைத்துப் பேச்சை இழந்தவர்களில் சிலருக்கு ஒரே ஒரு சொல் மிஞ்சும். எதைக் கேட்டாலும் அதுவே வரும். அறிவு உள்ளே விழித்திருக்கும். வாய்தான் சொன்னபடி கேட்காது. இவர்களில் பலர், படத்தைக் காட்டி விரலால் தொடச் சொன்னால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்பதை அம்மையார் கட்டில் கட்டிலாக உட்கார்ந்து, ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து நிறுவினார். துறைத் தலைவர் அதை மாநாடுகளில் வாசித்தார். கைதட்டல் வந்தது, விருது வந்தது, விருதுப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்து லிஃப்டுக்கு எதிரே தொங்கியது. வார்டுக்கு மட்டும் ஒரு படப்பலகைகூட வரவில்லை. கேட்டபோதெல்லாம் 'பார்க்கலாம்' என்ற பதிலே வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே கறிக்கு உதவும் சுரைக்காயை ஏட்டுக்குள் பூட்டி வைத்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பேருந்து ஓட்டுநர் வந்து சேர்ந்தார். பணிமனையில் வண்டியை விட்டு இறங்கும்போதே பக்கவாதம் தாக்கிப் படியிலிருந்து விழுந்தவர். அவருக்கு மிஞ்சிய சொல் 'இல்ல'. பசிக்கிறதா என்றாலும் இல்ல. இவர் உங்கள் மனைவியா என்றாலும் இல்ல. காலைச் சுற்றில் வந்த மருத்துவர் வலிக்கிறதா என்றார், இவர் இல்ல என்றார். 'வலி இல்லை' என்று எழுதினார்கள். மறுநாளும் அதையே எழுதினார்கள். கால் அசையவில்லையே என்று மனைவி கேட்டதற்கு, பக்கவாதம் வந்த கால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் கணவர் பல்லைக் கடிப்பதைக் கண்டு அந்த அம்மாள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். அவரே இல்லை என்கிறாரே என்று திருப்பி அனுப்பினார்கள்.

அந்த வாரம் அம்மையார் வார்டில் இல்லை. நோயாளியோடு பேசுவது எப்படி என்று அடுத்த மாநாட்டில் காட்டுவதற்குப் படங்கள் தயாரிக்கச் சொல்லி அவரை அலுவலக அறையில் உட்கார வைத்திருந்தார்கள். ஓட்டுநரின் மனைவி அவரைத் தேடிக்கொண்டு அங்கேயே போய்விட்டார்.

"அக்கா, அவரு வாய் சொல்றத எழுதிக்கிறாங்க. மூஞ்சி சொல்றத யாருமே பாக்க மாட்டேங்கறாங்க."

அம்மையார் செய்துகொண்டிருந்ததைப் போட்டது போட்டபடி விட்டு எழுந்தார். கட்டிலருகே போய், ஒரு தாளில் மனித உருவம் வரைந்து, எங்கே வலிக்கிறது, தொடுங்கள் என்று ஓட்டுநரின் நல்ல கைக்கு நேரே பிடித்தார். அந்த விரல் படத்தின் இடுப்பைத் தொட்டது. எடுத்தது. மறுபடி அங்கேயே அழுத்தியது. 'இல்ல, இல்ல' என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

மறுநாள் காலை அம்மையார் லிஃப்டுக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, விருதுப் பத்திரத்தைக் கழற்றினார். துறைத் தலைவர் பரிவாரத்தோடு சுற்று வந்துகொண்டிருந்த வார்டுக்குள் அதைத் தூக்கிக்கொண்டு நடந்து, ஓட்டுநரின் காலடியில் வைத்தார்.

"சார், இதுல எழுதியிருக்கிறது இந்தக் கட்டிலுக்கு இன்னும் வந்து சேரல. வர்ற வரைக்கும் இது செவுத்துல ஏறாது."

நோயாளிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், குரலைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் தலைவர்.

"கேக்கட்டும் சார். கேக்கறதுல அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

அதற்குப் பிறகு விளக்கம் கேட்டார்கள், இடம் மாற்றுவோம் என்று மிரட்டினார்கள், வாய்க்கொழுப்பு என்று பேசினார்கள். அம்மையார் அசையவில்லை. விசாரணைக்கு அழைத்தபோதெல்லாம் அந்த ஓட்டுநரின் எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோய், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் களைத்தவர்கள் அவர்கள்தான். கட்டிலுக்கு ஒரு படப்பலகை வந்தது. பேச்சிழந்தவர் எவருக்கும் பலகையைக் காட்டாமல் 'வலி இல்லை' என்று எழுதக் கூடாது என்ற விதியும் வந்தது. நெஞ்சு வலியை விரலால் சொல்லிப் பிழைத்துப் போனவர்கள் இந்த ஊரில் இப்போதும் கடைத்தெருவில் நடமாடுகிறார்கள்.

அறுவைக்குப் பின் ஓட்டுநர் கோலூன்றி நடந்தார். பேச்சுப் பயிற்சியில் அவர் மீட்டெடுத்த முதல் சொல் 'வலிக்குது'. இரண்டாவது, மனைவியின் பெயர். "ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சிட்டாரு போல" என்று அந்த அம்மாள் சிரித்தார். அம்மையாரும் சிரித்தார், பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அத்தகையவர் ஓய்வு பெறும் வேளையில் மேலிடம் தரும் பரிசு என்ன? அவரோடு அந்தப் பணியிடமும் ஒழிகிறது. பேச்சுச் சிகிச்சை அறை இனிச் சாமான் அறையாம். வாழ்த்துச் சொல்லப் பூங்கொத்தோடு போன எங்களை அம்மையார் வாசலிலேயே நிறுத்தினார். "பூவ எதுக்கு எங்கிட்ட குடுக்கறீங்க? என் எடத்துக்கு ஒரு ஆளக் கேட்டு வாங்குங்க" என்றார். கேட்டோம். பார்க்கலாம் என்றார்கள்.

சினத்தையே சிகிச்சையாக்கிய சீராளரே! தாங்கள் நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு கடந்தும் வாழ வேண்டும். தங்கள் கோபம் மட்டும் ஓய்வு பெறாதிருக்க வேண்டும்; அது எங்களுக்குத் தேவைப்படுகிறது.

அவையோருக்கு ஓர் அறிவிப்பு. அம்மையாரின் அறைக்குள் நேற்று இறக்கிய இரும்பு அலமாரிகளை இன்று காலை நாங்கள் எல்லாரும் சேர்ந்து தூக்கி வெளியே வைத்துவிட்டோம். இப்போது அவை தாழ்வாரத்தில் நிற்கின்றன. முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்கள் கூட்டம் முடிந்து போகும்போது கொஞ்சம் ஒருக்களித்துத்தான் போக வேண்டியிருக்கும். புதிய சிகிச்சையாளர் வந்து அந்த அறையில் உட்காரும்வரை அலமாரிகள் அங்கேயே நிற்கும்.

இவண்,
அவற்றைத் தூக்கிய கைகள்:
பக்கவாதப் பிரிவின் செவிலியர், இயன்முறைப் பயிற்சியாளர், எக்ஸ்ரே பிரிவினர், துப்புரவுப் பணியாளர்