பல் டாக்டரின் டீசல் வேகன்

…இல்ல டாக்டர், நான் குறை சொல்றவன் இல்ல. என்னைத் தெரிஞ்சவங்க யாரை வேணா கேளுங்க. ஆனா இந்த எஞ்சின் இருக்கே… ஸ்டார்ட் பண்ணின உடனே ஒரு குலுக்கு குலுக்குச்சு பாருங்க, என் சட்டைப் பையில இருந்த பேனா எம்பிக் கீழ விழுந்துடுச்சு. டீசல்னா அப்படித்தான் இருக்கும்னு சொல்லுவீங்க. சொல்லலையா? சரி, சொல்லலை. நெனச்சீங்கல்ல?

இப்படி இடது பக்கம் திரும்பிக்கறேன். நாலு தெரு சுத்திட்டு உங்க வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விட்டுடறேன், பயப்படாதீங்க. ஓட்டிப் பாக்காம எப்படி வாங்கறது? அதுவும் என்னை மாதிரி ஆளு! நான் போன்ல புக் பண்ற ஆப்புல டாக்ஸி ஓட்டறவன் டாக்டர். காலைல ஏறி உட்கார்ந்தா வண்டியிலயேதான் குடித்தனம். சாப்பாடு, குட்டித் தூக்கம், வீட்டுக்காரிகிட்ட சண்டை, எல்லாம் இந்த ஸ்டியரிங்குக்கு முன்னாடிதான். அதனால வண்டி பாக்கறது எனக்கு வீடு பாக்கற மாதிரி. நீங்க செகண்ட் ஹேண்ட் வேகன், அதான் பின்பக்கம் நீட்டின காரு, ஒண்ணு இருக்குன்னு விளம்பரம் போட்டுட்டு நிம்மதியா உட்கார்ந்துட்டீங்க. தேடிட்டு வர்றவன் பாடு எனக்குத்தானே தெரியும்.

இந்த சீட்டையே எடுத்துக்குங்க. ஆஹா… இடுப்புக்குப் பின்னால யாரோ கையை வச்சுத் தாங்கிப் பிடிச்ச மாதிரி… ம்க்கும்! அதாவது, அழுத்துது. ரொம்ப அழுத்துது டாக்டர். நாள் முழுக்க இப்படித் தாங்கிட்டே இருந்தா மனுஷன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?

அப்புறம் பின்னாடி டிக்கி. கெளம்பறதுக்கு முன்னால திறந்து பாத்தேனே, அம்மாடி! ஏர்போர்ட்டுக்கு ஒரு குடும்பமே பெட்டி படுக்கையோட வந்தாலும் மடியில ஒண்ணும் வைக்க வேண்டாம். ஆனா அதுதான் டாக்டர் தொல்லையே. இடம் இருந்தா ஜனங்க சும்மா இருப்பாங்களா? என் பழைய வண்டி தீப்பெட்டி சைஸ். அதுலயே ஒரு அம்மா தையல் மெஷினை ஏத்தி, அதுக்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டாங்க. இதைப் பாத்தாங்கன்னா பீரோவையே தூக்கிட்டு வருவாங்க. ரொம்பப் பெருசு டாக்டர். தேவைக்கு மேல பெருசு.

பழைய வண்டி என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். நல்ல மனுஷன் ஒருத்தரை ஏத்திட்டு மேம்பாலத்துல ஏறிட்டிருக்கேன், பாதியில நின்னுடுச்சு. அவரே இறங்கித் தள்ளினார். கோட்டு சூட்டு போட்டவர் டாக்டர்! வேர்த்து விறுவிறுத்து, நடு நடுவுல டையைத் தோள் மேல தூக்கிப் போட்டுக்கிட்டு தள்ளறார். கடைசியில எனக்கு அஞ்சு ஸ்டார் குடுத்துட்டுப் போனார். தள்ளினது அவரு. நான்தான் அவருக்கு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கணும்.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பாத்துட்டு, முகத்துல துணி போத்தற மாதிரி மெதுவா மூடிட்டார். அதுலேருந்து நான் மச்சினன் கடையில இருக்கேன். பாத்ரூம் சாமான் கடை. வாஷ் பேசின், பைப்பு, டாய்லெட்டு. வர்றவங்க அதுல உட்கார்ந்து பாக்கணும்பாங்க. "மாமா, கஸ்டமருக்கு உட்கார்ந்து காமிங்க"ம்பான் மச்சினன். இத்தனை வருஷம் ஊரையே சுமந்தவன் டாக்டர் நான். கடை நடுவுல டாய்லெட்டுல உட்கார்ந்துட்டு, "வசதியா இருக்குங்க"ன்னு சிரிக்கணும். முந்தாநாள் என் பழைய கஸ்டமர் ஒருத்தர் வந்து, "அட, நீங்களா?"ன்னார். நான் எழுந்திரிக்கறதா, அப்படியே உட்கார்ந்து பேசறதா? நீங்களே சொல்லுங்க.

திங்கக்கிழமைக்குள்ள ஒரு வண்டியை ஆப்புல பதிஞ்சுட்டேன்னா அந்தக் கடைப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன். இல்லேன்னா மச்சினன் எனக்கு யூனிஃபாரம் தைக்கக் குடுத்துடுவான், முதுகுல கடைப் பேரோட… அவசரமா? சேச்சே! எனக்கு என்ன அவசரம்? ஊர்ல எத்தனையோ வண்டி இருக்கு.

போன் அடிக்குது. ஓரமா நிறுத்திக்கறேன், ஒரு நிமிஷம்.

ஆங், சொல்லு… பாத்துட்டுதான் இருக்கேன்… ம்… சொல்லிட்டேன்… அதையும் சொல்லிட்டேன்… டிக்கியையும் சொல்லிட்டேன்டி… இல்ல, சிரிக்கலை. மூஞ்சியை உர்ருனுதான் வச்சிருக்கேன்… பக்கத்துலதான் இருக்கார்… சரி, வைக்கறேன்.

வீட்டுக்காரி. சாப்பிட்டாச்சான்னு கேக்கறா.

எங்க விட்டேன்? ஆங், டீசல். எங்க ஸ்டாண்டுல ஒருத்தன் இருக்கான், சைலன்சர்னு பேரு. வாயே மூட மாட்டான், அதனால அந்தப் பேரு. "நிறைய ஓடறவனுக்கு டீசல்தான்டா, அதுவும் வேகன்தான்"னு வேப்பிலை அடிக்காத குறையா சொல்லுவான். அவனுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவான். டீசல் வண்டியில புகைக் கரியைப் பிடிச்சு வைக்க ஒரு ஃபில்டர் இருக்கும் டாக்டர். ஊருக்குள்ளயே நின்னு நின்னு ஓட்டினா அது அடைச்சுக்கும். நெடுஞ்சாலையில ஒரே சீரா கொஞ்ச தூரம் ஓட்டினாத்தான் கரி எரிஞ்சு சுத்தமாகும். கடைக்கும் வீட்டுக்குமா ஓட்டின வண்டியை வாங்கினோம், அவ்வளவுதான், கையைச் சுட்டுக்க வேண்டியதுதான். இது எங்கெல்லாம் ஓடிச்சு? க்ளினிக்குக்கா?

…நடந்தே போயிடுவீங்களா? அப்ப இது?

…அக்கா ஊருக்கா? மலையடிவாரம் வரைக்குமா? வாராவாரமா? வழி பூரா நெடுஞ்சாலைதானே?

ஐயோ டாக்டர், தங்கம்னா… ம்க்கும்… தங்கமான அக்கா போலிருக்குன்னு சொல்ல வந்தேன். ஆனா பாருங்க, அவ்வளவு தூரம் ஓடினா வண்டி தேஞ்சிருக்குமே. உள்ளுக்குள்ள எல்லாம் தளர்ந்து போயிருக்கும். வெளியில தெரியாது, திடீர்னு ஒரு நாள் காலை வாரிடும். …இப்ப அக்கா உங்க கூடவே வந்து தங்கிட்டாங்களா? அதனால வண்டி தேவையில்லையா? சரிதான். நியாயந்தான்.

இந்த பிரேக்கு… அழுத்தின உடனே நிக்குது. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. நான் கொஞ்சம் யோசிச்சு நிக்கற பிரேக்குக்குப் பழகினவன், இது முகத்துல அடிச்ச மாதிரி இருக்கு. கியர்? வெண்ணெய் மாதிரி விழுது, அதனால விழுந்துச்சா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. ஏசி? குளிருது டாக்டர். ஏறினவன் இறங்க மாட்டேம்பான்.

நீங்க என்ன, ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க? உங்க தொழில்ல வாயைத் திறந்தவன் பேச முடியாது. நீங்க கேள்வி கேட்டா அவன் ஆ-ன்னுதான் சொல்ல முடியும். இன்னைக்கு மாறிப் போச்சு பாருங்க, ஹஹா!

இதோ, உங்க வீடு வந்தாச்சு. நிறுத்திட்டேன். இறங்குங்க, பேசுவோம். மொத்தத்துல, டாக்டர், எஞ்சின் ஆட்டுது, சீட்டு அழுத்துது, பிரேக்கு பயமுறுத்துது, ஓடித் தேஞ்சிருக்கு. இப்படி ஒரு வண்டிக்கு நீங்க சொன்ன விலை… மனசைத் தொட்டுச் சொல்லுங்க. கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா, ஏதோ, என் தலையெழுத்துன்னு நெனச்சு எடுத்துட்டுப் போறேன்.

…என்ன டாக்டர்?

…குடுக்கறதா இல்லையா? யாருக்கும் இல்லையா?

ஏன்? இவ்வளவு குறை இருக்கறது உங்களுக்குத் தெரியாதா… சரி… நான் சொன்னப்புறம் ஒரு குடும்பஸ்தன் தலையில இதைக் கட்ட மனசு வரலையா… அது பெரிய மனசு டாக்டர், ஆனா… என்னது? பழைய இரும்புக்கா? வெட்டி எடுத்துக்கச் சொல்லிடுவீங்களா?

டாக்டர்! டாக்டர், போனை எடுக்காதீங்க! பையில வைங்க. இப்படி வாங்க, இந்த நிழல்ல நில்லுங்க. நான் சொன்னதை அப்படியேவா எடுத்துக்கறது? வண்டி வாங்க வர்றவன் இப்படித்தான் பேசுவான்! எல்லாரும் பேசுவாங்க! வாங்கறவன் குறை சொல்லணும், விக்கறவன் கோவிச்சுக்கணும், கடைசியில ரெண்டு பேரும் டீ குடிக்கணும். அதுதான் முறை. நீங்க பாட்டுக்கு நடுவுல நம்பிட்டா என்ன டாக்டர் அர்த்தம்?

எல்லாம் வீட்டுக்காரி சொல்லி அனுப்பினது. போன வாட்டி ஒரு வண்டியைப் பாக்கப் போனப்ப நான் வாயைப் பொளந்துட்டேன், "சூப்பர் வண்டி!"ன்னேன், அந்த ஆளு அங்கயே விலையை ஏத்திட்டான். அதனால இந்த வாட்டி, "நல்லதைப் பாத்தா பல்லைக் கடிச்சுக்கோ, கண்டதுக்கெல்லாம் மூக்கைச் சுளி"ன்னா. சுளிச்சேன். கொஞ்சம் ஜாஸ்தியா சுளிச்சுட்டேன் போலிருக்கு.

இப்ப உள்ளதைச் சொல்றேன், கேளுங்க. எஞ்சின் ஆடுச்சுன்னேனே? பேனா விழுந்தது நான் குனிஞ்சப்ப. எஞ்சின் ஆடவே இல்ல. ஓடறப்ப காதை வச்சுக் கேட்டா தாலாட்டு மாதிரி இருக்கு! அந்த சீட்டு, சத்தியமா சொல்றேன், கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கு இடுப்புக்கு இப்படி ஒரு ஆதரவு கெடச்சதில்ல. நெடுஞ்சாலையில ஓடின டீசல் எஞ்சின்னா எங்க ஆளுங்க வரிசையில நிப்பாங்க. சைலன்சர் பாத்தான்னா அவனே வாயடைச்சுப் போயிடுவான். இன்னும் பல வருஷம் ஓடும் டாக்டர் இது! எவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கீங்க! பெயிண்ட்டைப் பாருங்க, உங்க மூஞ்சி தெரியுது. பிரேக்கு அழுத்தினா நிக்குது. வேற என்ன வேணும் ஒரு மனுஷனுக்கு? இந்த மாதிரி ஒரு வண்டியை வச்சிருக்கறவன் குடுத்து வச்சவன்!

…சிரிக்கறீங்களே! அப்பாடா. இப்பத்தான் உயிர் வந்துச்சு. பானெட்டைத் தட்டிக் குடுக்கறீங்க, நல்லா தட்டிக் குடுங்க, நல்ல வண்டி.

சாவியையா? என்கிட்டதான் இருக்கு. இந்தாங்க… ஏன் கேக்கறீங்க?

…ஆமா, குடுத்து வச்சவன்னுதான் சொன்னேன். யாரைச் சொன்னேன்னா… பொதுவா சொன்னேன்… வாங்கப் போறவனைச் சொன்னேன் டாக்டர்! என்னைச் சொன்னேன்!

…அக்காவை எதுக்கு இப்பக் கூப்பிடறீங்க?

வணக்கம்மா. ஆமாம்மா, வண்டி பாக்கத்தான் வந்தேன். அட, கைப்பையோட, செருப்பு எல்லாம் போட்டுக்கிட்டுத் தயாரா வந்துட்டீங்களே… எங்க கெளம்பிட்டீங்க? …மலையடிவாரத்துக்கா? பழைய வீட்டைப் பாத்துட்டு வரவா? இவ்வளவு நாளா ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தீங்களா? தம்பிதான் வண்டியை விக்கப் போறானேன்னு, கூட்டிட்டுப் போன்னு கேக்கவே இல்லையா? அடடா.

பாத்து, பாத்து ஏறுங்கம்மா. கால் வலியா? சீட்டை இப்படிப் பின்னுக்குத் தள்ளிக்குங்க. கைத்தடியைக் குடுங்க, பின்னால வைக்கறேன். தொழில் பழக்கம்மா, பரவால்ல. வசதியா இருக்கா? இருக்கும். இடுப்பைத் தாங்கும் பாருங்க.

டாக்டர், நான் சொல்றது ஒண்ணு கேளுங்க. அந்தம்மாவை வாராவாரம் நானே கூட்டிட்டுப் போறேன். என் செலவுல! வண்டி என்கிட்ட இருந்தா என்ன, உங்ககிட்ட… என்னது, நீங்களே வச்சுக்கப் போறீங்களா? நன்றியா? எதுக்கு நன்றி? கண்ணைத் திறந்துவிட்டேனா? நான் எங்க திறந்தேன்? நீங்களா திறந்துக்கிட்டீங்க! டாக்டர், திங்கக்கிழமை… மச்சினன் கடையில… முதுகுல பேரு போட்ட யூனிஃபாரம் டாக்டர்!

கெளம்பிட்டாங்க. ஸ்டார்ட் பண்ணினது கூடக் காதுல விழலையே…

டாக்டர்! டாக்டர், நில்லுங்க! பின் கதவு! கைத்தடி வச்ச பக்கம்! கதவு சரியா சாத்தலை டாக்டர்! கையை ஆட்டாதீங்க, திரும்பிப் பாருங்க! இது விலைக்காகச் சொல்லலை, நெஜமாவே கதவு திறந்திருக்கு!