எனக்கும் அதே

— குடையைப் பிடிங்க. நனைஞ்சுக்கிட்டே வீடு வரைக்கும் நடக்கப் போறீங்களா?

— நீயே பிடிச்சுக்கோ.

— ஆமா, நீங்க எதுக்கு என் குடைக்குள்ள வரணும்? நீங்கதான் என்னோட வரலையே.

— மெதுவா பேசு. ஆளுங்க போறாங்க.

— போகட்டும். அந்த மருந்துக்கடைக்காரர் உங்களைப் பார்த்துக் கேட்டாரே, அப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க. காதுல சரியா விழல.

— உனக்கு நல்லாவே விழுந்துச்சு.

— "நான் இவங்களோட வரல." ஒன்பது வருஷம் உங்களோட குடும்பம் நடத்தியிருக்கேன். ஒரு வார்த்தையை நீங்க இவ்வளவு வேகமாச் சொல்லி நான் பார்த்ததே இல்ல.

— விடும்மா. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.

— வீட்டுல பாப்பா இருப்பா. அவ முன்னாடி எப்படிப் பேசறது? உங்க அப்பா நடுக்கடைல உங்க அம்மாவை யாருன்னே தெரியாதுன்னுட்டார்டின்னா?

— நான் அப்படிச் சொல்லல.

— வேற எப்படியாம்?

— ...

— வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும். வர்றதுக்கு முன்னாடி படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? கிளினிக் மேடம் குடுத்த பயிற்சி இது. கடைக்குப் போய் வேணும்னே திக்கிப் பேசணும். எதிர்ல இருக்கறவங்க முகத்தை நேராப் பார்க்கணும். நடிப்புன்னு கடைசி வரைக்கும் சொல்லக் கூடாது. திக்கறவங்க தினம் தினம் படறது என்னன்னு தெரியாம ஸ்பீச் தெரபி படிக்க வராதீங்கன்னாங்க. கூட வர்றவருக்கு ஒரே வேலை. நிக்கணும், கவனிக்கணும். சும்மா நிக்கக்கூடவா உங்களால முடியல?

— அவர் என்கிட்ட விசாரிப்பார்னு நீ சொல்லலையே.

— விசாரிச்சாராம். அவர் என்ன போலீஸா? "சார், இவங்களுக்கு என்ன வேணுமாம்?"னார். காய்ச்சல் மாத்திரைன்னா வேலை முடிஞ்சது.

— ஜுரத்துக்குன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்.

— ஊருக்கெல்லாம் காய்ச்சல் வந்தா இவருக்கு மட்டும் ஜுரம் வரும். தண்ணி வேணும்னா வாட்டர். எங்க அண்ணன் உங்களுக்கு துரைன்னு பேர் வச்சது சும்மா இல்ல.

— உங்க அண்ணனை இப்ப எதுக்கு இழுக்கற?

— சரி, இழுக்கல. பின்னாடி நின்ன ஆள் சிரிச்சாரே, பார்த்தீங்களா?

— பார்த்தேன்.

— கடைக்காரர் எனக்குக் காது கேக்காதுன்னு நினைச்சுக்கிட்டுக் கத்த ஆரம்பிச்சுட்டார். ஒரு அம்மா பேனாவை நீட்டறாங்க, எழுதிக் காட்டும்மான்னு. அதோட விட்டாங்களா? பக்கத்துல இருந்தவங்ககிட்ட, "பாவம், பார்க்க லட்சணமாத்தான் இருக்கு"ங்கறாங்க. எனக்குச் சிரிப்பு வரணும். வரலைங்க. காதெல்லாம் சூடாயிடுச்சு. நடிப்புன்னு எனக்குத் தெரியும், ஆனா அந்த அவமானம் நடிப்பில்ல. சரி, நம்ம மனுஷன் ஒருத்தர் இருக்கார்னு திரும்பிப் பார்த்தேன். நீங்க ஒரு ஷாம்பு பாட்டிலை எடுத்துப் படிச்சுக்கிட்டு நிக்கறீங்க.

— மன்னிச்சிடு.

— எதுக்கு? ஷாம்புக்கா?

— எல்லாத்துக்கும்.

— மழை வலுக்குது. இந்த ஹோட்டல்ல ஒதுங்கலாம், வாங்க. வரலாமில்ல, என்னோட?

— ...இப்படி ஓரமா உக்காரு. அங்க ஃபேன் நேரா அடிக்கும். ஈரப் புடவை.

— அக்கறைக்கெல்லாம் குறைச்சல் இல்ல.

— சார், என்ன சாப்பிடறீங்க?

— ...

— சார்?

— கொஞ்சம் கழிச்சு வாங்க தம்பி. சார் இன்னும் முடிவு பண்ணல.

— சரிங்க மேடம்.

— நீ சொல்லி அனுப்பியிருக்கலாமே. எப்பவும் நீதானே சொல்லுவ?

— ஆமா. நான் சொல்லுவேன், நீங்க "எனக்கும் அதே"ம்பீங்க. இன்னைக்கு நான் சொல்றதா இல்ல.

— இதுக்கெல்லாமா பழி வாங்குவ?

— பழி இல்லைங்க. எனக்கு மனசு அங்க இல்ல. கடைல நடந்ததை ஒண்ணு விடாம மேடம்கிட்ட எழுதித் தரணும். அதைப் படிச்சுட்டுத்தான் சிபாரிசு தருவாங்க. சிபாரிசு இல்லாம என் விண்ணப்பம் ஒரு அடி நகராது. வெள்ளிக்கிழமை கடைசி. கூட வந்தவர் எப்படி நடந்துக்கிட்டார்னும் எழுதணும். என்னன்னு எழுத?

— அதை எழுதாத.

— பொய் எழுதவா?

— எதையுமே எழுத வேணாம். இந்தப் படிப்பே வேணாம். ஸ்கூல் வேலை நல்லாத்தானே போகுது? இந்த வயசுல மறுபடி பாடம், பரீட்சைன்னு...

— வந்துட்டீங்களா அதுக்கு? மேல படிக்கறேன்னப்ப தலைகால் புரியாம சந்தோஷப்பட்டது யாரு? எந்தப் படிப்புன்னு சொன்னேன், அன்னைக்கே உங்க மூஞ்சி தொங்கிப் போச்சு. ஏங்க? என் வகுப்புல ஒரு பொண்ணு இருக்கா. பேர் கூப்பிட்டா கையை மட்டும்தான் தூக்குவா. அவளுக்குத் தெரியாத பாடம் கிடையாது, கேட்டா "தெரியாது டீச்சர்"னு தலையை ஆட்டிடுவா. தெரியாதுன்னு திட்டு வாங்கறது அவளுக்குச் சுலபமா இருக்கு. அதைப் பார்த்துக்கிட்டு நான் எப்படிப் பேசாம இருக்க? இதுல உங்களுக்கு என்ன அவமானம்?

— உன்னால ஒரு அவமானமும் இல்ல.

— பின்ன யாரால?

— முன்னாடி நீ ஒண்ணு சொல்லு. அங்க நீ செஞ்சியே... ரெண்டு விழியையும் இறுக்கி மூடி, மோவாயை ஒரு பக்கமா இழுத்து, விரலால புடவை நுனியை முறுக்கிக்கிட்டு. அது எங்க பழகின?

— ...ஒரு வீடியோல பார்த்தேன்.

— எந்த வீடியோ?

— கிளினிக்ல போட்டுக் காட்டினாங்க. ஏன்?

— அப்படியே இருந்துச்சு.

— எது மாதிரி அப்படியே?

— ...

— என்னங்க, சட்டை நுனியை ஏன் முறுக்கிக்கிட்டே இருக்கீங்க?

— ஈரம். ...இல்ல. ஈரம் இல்ல. எனக்கு...

— சொல்லுங்க.

— எனக்கு... த்... த்... த்...

— ...

— த்... த்... திக்கும்.

— ...

— இந்த வியாதிக்கு இந்தப் பேரை வச்ச புண்ணியவான் யாரோ. எனக்கு வராத எழுத்தாப் பார்த்து ஆரம்பிச்சிருக்கான்.

— மெதுவாச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல.

— நீ என்னைப் பார்க்காத. ஜன்னல் பக்கம் பார்த்துக்கோ, சொல்லிடறேன்.

— ம். பார்க்கல.

— சின்ன வயசுலேருந்து. மூணு எழுத்து எனக்கு எதிரி. அதுல ஆரம்பிக்கற வார்த்தை முன்னாடி வருதுன்னா, ஒரு மைல் முன்னாடியே உள்ள மணி அடிச்சிடும். உடனே வேற வார்த்தைக்கு ஓடுவேன். ஜுரம், வாட்டர்னு. உங்க அண்ணன் சிரிப்பார், நானும் சேர்ந்து சிரிப்பேன். உங்க அப்பா என்னை மாப்பிள்ளை பார்க்க வந்துட்டு, "பையன் அளந்து பேசறான்"னு ஊரெல்லாம் சொன்னார். அளந்து இல்ல. பொறுக்கிப் பேசறேன். ஆனா அந்தப் பெருமையை வேணாம்னா சொன்னேன்? வாங்கி வச்சுக்கிட்டேன்.

— ம்.

— ஆபீஸ்ல போனை எடுக்க மாட்டேன். என்ன வேலைனாலும் ஒவ்வொரு மாடியா ஏறி நேர்ல போய் நிப்பேன். எவ்வளவு பணிவுன்னு பேசிக்கறாங்க. பணிவாவது மண்ணாவது. பயம். மதியம் எல்லாரோடவும் சாப்பிடப் போனா, முன்னாடி இருக்கறவன் எதைச் சொல்றானோ எனக்கும் அதே. மஷ்ரூம் சூப்பெல்லாம் சாப்பிட்டிருக்கேன்.

— மஷ்ரூமா? பார்த்தாலே உங்களுக்கு உமட்டுமே.

— உமட்டிச்சு. சாப்பிட்டேன். உன்னோட வந்தா அந்த பயம் இல்ல. வெளிய வந்தா உனக்கும் எனக்கும் ஒரே ருசி. அந்த விஷயத்துல நான் அதிர்ஷ்டசாலி.

— ...ம்.

— பாப்பா பிறந்தப்ப எங்க அம்மா ஒரு பேர் சொன்னாங்களே.

— அவங்க அம்மா பேரை. நீங்க முடியவே முடியாதுன்னு ஒத்தைக் கால்ல நின்னீங்க. அத்தை அன்னைக்குச் சாப்பிடாமலே கிளம்பிட்டாங்க.

— நல்ல பேர். எனக்கும் ரொம்பப் பிடிச்ச பேர். ஆனா முதல் எழுத்து... நான் பெத்த பொண்ணை வாய் நிறைய அழைக்க முடியாமப் போயிடுமே. ஸ்கூல் வாசல்ல அவ நிப்பா, நான் வாயைப் பிளந்துக்கிட்டு இந்தப் பக்கம் நிப்பேன். இதை அம்மாகிட்ட எப்படிச் சொல்ல? "பழைய பேர், நல்லாயில்ல"ன்னுட்டேன். அவங்களைப் பெத்தவ பேரைப் போய் அப்படிச் சொன்னேன். இன்னிவரைக்கும் அம்மா அதை மறக்கல. நானும் மறக்கல.

— இந்தாங்க. முகத்தைத் துடைச்சுக்கோங்க.

— இன்னிக்கு அந்த மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்து என்ன வேணும்னப்ப, ஜுரம்னு சொல்ல வாயெடுத்தேன்னேனே. நெஜம். ஆனா அதுவும் வரல. எப்பவும் என்னைக் க்... காப்பாத்தற வார்த்தை, அதுவும் நின்னுபோச்சு. உன்னைப் பார்த்துச் சிரிச்ச அதே மூஞ்சிங்க எல்லாம் என் பக்கம் வருது. இன்னும் ஒரு நொடி போனா என்னைப் பார்த்துச் சிரிக்கும். அப்ப எது இடிக்காம வெளிய வந்துச்சோ, அதைச் சொன்னேன். "நான் இவங்களோட வரல." வழவழன்னு வந்துச்சு, பாவி வாயில.

— ...

— நீ நடிச்ச. எனக்கு நெஜம். நடிச்ச நீ நின்ன, நெஜமானவன் ஓடிட்டேன். இந்த வெக்கம் எனக்குப் போகவே போகாது.

— நீங்க மட்டும் வெக்கப்பட வேண்டியதில்ல. அந்தக் கடைல நான் செஞ்சதுலயும் ஒரு கேவலம் இருக்கு.

— உன்னுதா? நீ என்ன செஞ்ச?

— அப்புறம் சொல்றேன். முதல்ல இதைச் சொல்லுங்க. இதுக்குத்தான் நான் படிக்க வேணாம்னீங்களா?

— நீ அதைப் படிச்சா வீட்டுல இருக்கற என்னைத்தானே முதல்ல பார்ப்ப? பார்த்த உடனே புரிஞ்சுடும். அப்புறம் என் மூஞ்சியைப் புருஷன் மூஞ்சியாவா பார்ப்ப? நோயாளி மூஞ்சியா இல்ல பார்ப்ப?

— பைத்தியம். ...இப்பச் சொல்லுங்க. நான் படிக்கவா, வேணாமா?

— படி.

— எழுதவா?

— எழுது. நடந்ததை நடந்த மாதிரியே எழுது. வந்தவர் விட்டுட்டு ஓடிட்டார்னு எழுது. ...ஏன் ஓடினார்னும் எழுது.

— நெஜமாவா சொல்றீங்க?

— சொல்லிட்டேன்ல. பேர் மட்டும் போடாத.

— மேடம், முடிவாச்சுங்களா? மழை விடற மாதிரித் தெரியல.

— சார்கிட்ட கேளுங்க தம்பி.

— ...நீ சொல்லும்மா.

— இல்லைங்க. இன்னைக்கு நீங்க. உங்களுக்கு எது வேணுமோ அது.

— சொல்லுங்க சார்.

— ட்... ட்...

— டோஸ்ட்டுங்களா சார்?

— தம்பி, வேற டேபிள்ல அவசரமா?

— இல்லைங்க மேடம்.

— அப்ப நில்லுங்க. அவர் சொல்லுவார்.

— ட்... ட்... ட்... டீ. ஒரு டீ. சர்க்கரை க்... க்... கம்மியா.

— சரிங்க சார். மேடம், உங்களுக்கும் அதேதானே?

— இல்ல தம்பி. எனக்குக் காபி. நல்லா ஸ்ட்ராங்கா.

— சரிங்க மேடம்.

— ...வெளிய வந்தா உனக்கு ட்... டீதானே பிடிக்கும்?

— எனக்கு எங்க வந்தாலும் டீ பிடிக்காதுங்க. வீட்டுல என்னைக்காவது நான் டீ குடிச்சுப் பார்த்திருக்கீங்களா?

— எந்த ஹோட்டலுக்குப் போனாலும் அதைத்தானே சொன்ன? இத்தனை வருஷமா...

— ம்.

— அப்ப... அந்த வீடியோ?

— வீடியோ எதுவும் இல்ல. வெளி ஆள் யார்கிட்டயாவது பேசணும்னா, அதுக்கு முன்னாடி பாத்ரூம் கண்ணாடில நின்னு சொல்லிச் சொல்லிப் பார்ப்பீங்க. அந்தக் கதவு என்னைக்குச் சரியாச் சாத்திக்கிச்சு? அதைத்தான் அப்படியே கடைல போய்ச் செஞ்சேன். உங்களைப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு. நான் சொன்ன கேவலம் அதுதான்.

— உனக்கு எப்பலேருந்து த்... த்... தெரியும்?

— கல்யாணமான புதுசுலேருந்து. நான் முந்திக்கிட்டு டீன்னு சொல்லிட்டா, நீங்க நிம்மதியா "எனக்கும் அதே"ன்னுடுவீங்க.