தொட்டிக்கு மூடி போட்டாயிற்று

காலையில் ஒரு டம்ளர் வெந்நீர் உள்ளே போகாவிட்டால் எனக்குக் குரல் திறக்காது. அதனால்தான் நேற்று நீங்கள் விசாரித்தபோது நான் பேசாமல் நின்றேன், இன்ஸ்பெக்டர் ஐயா. பயந்துவிட்டேன் என்று உங்கள் ஏட்டய்யா நினைத்துக்கொண்டார். பயமெல்லாம் இல்லை. தொண்டையை வைத்துப் பிழைக்கிறவன் கரகரத்த குரலில் எந்த விஷயத்தையும் சொல்லக்கூடாது. இன்றைக்கு ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் கேட்டு வாங்கி, ஊதி ஊதிக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். இனி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

பக்கத்து அறையில் இருமுவது தேசப்பன்தானே? அந்த பீடி இருமல் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அழுக்குத் தண்ணீரைக் குழாய்த்தெருவுக்குத் திறந்துவிட்டவன் டேங்கு ஆபரேட்டர் தேசப்பன்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. வால்வு சாவி அவன் இடுப்பில் இருந்ததால் நீங்களும் அவனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டீர்கள். இது தவறான செய்தி. மல்லியங்கண்டிகைக்குப் பத்து வருஷமாகச் செய்தி சொல்கிறவன் நான். என் ஊரில் ஒரு தவறான செய்தி இப்படிக் கால் முளைத்து நடமாடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

பஞ்சாயத்து போர்டு பூங்காவில் ஒரு ரேடியோ ரூம் இருக்கிறதே, அதுதான் என் ஆபீஸ். பூங்கா என்பதும் நான் வைத்த பெயர்தான். இரண்டு அரளிச் செடியும் ஒரு சிமெண்ட் பெஞ்சும் இருக்கிற இடத்தை 'நமது பூங்கா' என்று மைக்கில் சொல்லிச் சொல்லி, இப்போது ஜனங்கள் நிஜமாகவே அங்கே காற்று வாங்க வருகிறார்கள். சாயங்காலம் ரேடியோவில் பாட்டு வைப்பதற்கு முன்னால் ஊர்ச் செய்தி வாசிப்பேன். எந்தத் தெருவில் விளக்கு எரியும், எந்தக் கால்வாயில் கொசு மருந்து அடித்தார்கள், மாட்டுக்கு ஊசி எப்போது, ரேஷனில் மண்ணெண்ணெய் எப்போது. ஃபேக்டரிகள் வந்ததிலிருந்து ஊர் வளர்கிற வேகத்துக்கு நாக்கு ஈடுகொடுப்பதே பெரும்பாடு. கவரைப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்த ஒரு குடும்பம் என் செய்தியை நின்று கேட்டுவிட்டு, இவ்வளவு வசதியுள்ள ஊரா என்று அசந்துபோய் அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டது. அந்தப் பெண் இன்றைக்கும் குடத்தைத் தூக்கிக்கொண்டு என் ரூமைக் கடக்கும்போது ஒரு பார்வை பார்ப்பாள். பார்க்கட்டும். கல்யாணம் நல்லபடியாக நடந்ததல்லவா?

எங்களுக்குப் பூர்வீகம் திருவள்ளூர். அப்பா எம்பார், பெருமாள் கோயிலில் அருளப்பாடு சொல்கிறவர். உங்களுக்குத் தெரிந்திருக்காது. தீர்த்தம், மாலை, பரிவட்டம் என்று கோயில் மரியாதை யாருக்கு உரியதோ, அவர் பெயரைச் சன்னிதியில் நின்று உரக்கக் கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்டவர் 'நாயிந்தே' என்று குரல் கொடுத்துக்கொண்டு முன்னால் வருவார். பெயர் முதலில், ஆள் பிறகு. ஒருமுறை அப்பா, பாஷ்யம் சித்தப்பா பெயரைக் கூப்பிட்டுவிட்டார். சித்தப்பாவோ அன்று அரக்கோணத்தில் யார் வீட்டுக் கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த பெயரைச் சொல்லுங்கோ என்று எல்லோரும் கெஞ்சினார்கள். "கூப்பிட்டாச்சு. கூப்பிட்டதைத் திருப்பி எடுத்துக்கப்படாது. வருவன்," என்று அப்பா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். ஆள் அனுப்பி, சித்தப்பாவை இலையிலிருந்து எழுப்பி, ரயிலேற்றிக் கொண்டுவந்தார்கள். பாயசத்தை விட்டுவிட்டு வந்த கோபத்தில் அவர் சொன்ன 'நாயிந்தே' வசவு மாதிரிக் கேட்டது. ஆனால் வந்தார். அதுவரை பெருமாளும் காத்திருந்தார்.

அந்த வழக்கத்தைத்தான் நான் பஞ்சாயத்து போர்டுக்குக் கொண்டுவந்தேன். மேட்டுத்தெருவுக்கு விளக்குப் போட்டாயிற்று என்று நான் அறிவித்தபோது அங்கே கம்பம் நடக் குழிகூடத் தோண்டவில்லை. ஜனங்கள் ஆபீசுக்கு வந்து பிரசிடென்ட் ராஜமாணிக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆனால் மானம் போகிறதே என்று கம்பம் வந்தது, விளக்கும் வந்தது. ரயிலடிக் கால்வாய்க்குப் பாலம் வந்ததும் அப்படித்தான். அதற்கப்புறம் ராஜமாணிக்கமே ரூமுக்குள் தலையை நீட்டி, "இன்னா சம்பத்து, நம்ம ஆஸ்பத்திரிக்கும் ஒரு வார்த்த சொல்லி வையேன்," என்பார். நான் பொய் சொன்னதே கிடையாது, ஐயா. கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லுவேன், அவ்வளவுதான்.

ரூமுக்கு எதிரே கங்கம்மாவின் நாஷ்டா கடை. என்னை 'ஐயரே' என்றுதான் கூப்பிடுவாள். ஐயர் இல்லை, ஐயங்கார் என்று திருத்தித் திருத்தி ஓய்ந்துபோனேன். "எதுவா இருந்தா இன்னா, ரெண்டு பேருமே என் இட்லிய துன்றதில்ல," என்பாள். அது வாஸ்தவம். அவள் கையால் நான் ஒன்றும் சாப்பிட்டதில்லை. வெந்நீருக்கு மட்டும் தோஷமில்லை என்று நானாக ஒரு சாஸ்திரம் செய்து வைத்திருந்தேன். தினமும் காலையில் அவள் கொடுக்கிற வெந்நீரில்தான் என் தொண்டை திறக்கும்.

அவள் கடைக்கு வருகிற எல்லோருக்குமே காய்ச்சின தண்ணீர்தான். அவள் புருஷன் வாந்திபேதியில் போனவன், அதனால் எந்தத் தண்ணீரையும் நம்பமாட்டாள். பெரிய டேங்கு கட்டி, தெருத்தெருவாகக் குழாய் போட்டு, 'நமது குடிநீர் பரிசுத்தமானது' என்று நான் அன்றாடம் வாசிக்கத் தொடங்கிய பிறகும் அவள் அண்டா அடுப்பிலேயே இருந்தது. எனக்கு அது உள்ளூர உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரே நம்புகிறது, என் வாய்க்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறவள் நம்பவில்லை.

ஒருநாள் தொட்டிக்கு இரும்பு மூடி போட்டாயிற்று என்று அறிவித்தேன். 'இனி ஒரு காக்கைகூட உள்ளே எட்டிப் பார்க்க முடியாது' என்று ஒரு வரி என் கைச்சரக்கு. மறுநாள் கங்கம்மா அண்டாவை இறக்கிக் கவிழ்த்துவிட்டாள். "ஐயரே சொல்லிட்டாரு, இன்னமே வெறகுக்கு எதுக்கு தண்டம்?" என்றாள். எனக்கு மட்டும் ஒரு சின்னச் சொம்பில் காய்ச்சிக் கொடுத்தாள், குரலுக்காக. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

மூடி மெட்ராசிலிருந்து வர வேண்டியது. வரவில்லை. விளக்குக்குச் சண்டை போட்ட ஜனங்கள் மூடிக்குச் சண்டை போடவில்லை. அண்ணாந்தால் விளக்கு தெரியும், தொட்டியின் உச்சி யார் கண்ணுக்குத் தெரியும்? ஏணி ஏறுகிறவன் தேசப்பன் ஒருவன்தான். அவன் வந்து கேட்டான்.

"மூடி எங்க சாமி?"

"வந்துண்டே இருக்கு."

"நீதான் போட்டாச்சுன்னு ஊருக்கே சொல்லிட்டியே. இனிமே பிரசிடென்டு எதுக்கு வாங்கினு வருவாரு?"

நான் மைக்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். ஆபரேட்டர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் செய்தி வாசிப்பது எப்போது?

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தேசப்பன் ஏணியிலிருந்து இறங்கி நேரே என் ரூமுக்கு ஓடிவந்தான். அவன் மேலேயே நாற்றம் அடித்தது. "சாமி, டேங்குல கொரங்கு செத்து ஊறிக்கினு கீது. எத்தினி நாளாச்சோ தெரியல. மைக்கப் போடு, யாரும் குடிக்காதீங்கன்னு சொல்லு."

நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. மூடி போட்ட தொட்டிக்குள் குரங்கு எப்படி விழும்? ஊர் முதலில் அதைத்தானே கேட்கும்? "குரங்கை எடுத்துடு தேசப்பா. எடுத்துட்டா அது இல்லாத மாதிரிதானே," என்றேன்.

"தண்ணிய இன்னா பண்றது?"

"ஓடற தண்ணிதானே, தன்னாலே சுத்தமாயிடும்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உனுக்கு பைத்தியம் புட்ச்சிருக்கு," என்று சொல்லிவிட்டுக் கயிறு தேடப் போனான். அன்று சாயங்காலம் நான் குரங்கைப் பற்றி ஒன்றும் வாசிக்கவில்லை. மேட்டுத்தெருவுக்குச் சரளை கொட்டப் போவதைத்தான் வாசித்தேன். போட்டாயிற்று என்றுதான் வாசித்தேன், பழக்கம்.

பிறகு குழாய்த்தெருவில் ஒவ்வொருவராக வயிறு போகத் தொடங்கியது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கோடைச் சூடு வயிற்றைப் பிடிக்கிறது, ஆகவே எல்லோரும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அறிவித்தேன். குடித்தார்கள். எங்கள் ஜனங்களைப் போலச் சொன்ன பேச்சைக் கேட்கிற ஜனங்கள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

கங்கம்மாவும் படுத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் தேசப்பன் வால்வை அடைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஃபேக்டரி லாரி ஒன்றை மறித்து அவளை ஏற்றினான். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு. புறப்படும்போது என் ஜன்னலைத் தட்டி, "நான் வர்ற வரிக்கும் தொறக்கக் கூடாது. பேஜாரு பண்ணாத சாமி," என்றான். லாரியில் சுருண்டு கிடந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "ஐயரே, சொம்பு அடுப்பாண்டதான் கீது. வெந்நி வெச்சிக்கினு குடி," என்றாள். உடனே அவளுக்கு மறுபடியும் குமட்டிக்கொண்டு வந்தது. லாரி மறையும்வரை ஜன்னலிலேயே நின்றேன், ஐயா. அன்றைய செய்தியைக் கொஞ்சம் தாமதமாகத்தான் வாசித்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும் என்று, வழக்கம்போல, வாசித்தாயிற்று. ஆறு மணிக்குக் குழாயடியில் குடங்கள் நின்றன. தண்ணீர் வரவில்லை. அந்தப் பெண்கள் குழாயைப் பார்க்கவில்லை, என் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். "இந்தாளு சொல்றது எதுனா நடக்குதா பாரு," என்று ஒருத்தி சொன்னாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக என் காதுபட ஒருத்தி அப்படிச் சொன்னாள். எனக்கு அப்பா சன்னிதியில் நின்ற நிலைதான் ஞாபகம் வந்தது.

போர்டு ஆபீசில் ஆணியில் இன்னொரு சாவி தொங்கும். இதோ, உங்கள் மேஜைமேல் வைக்கிறேன், இதுதான். எடுத்துக்கொண்டு போய் வால்வைத் திறந்தேன். அப்போது தேசப்பன் பொன்னேரியில் இருந்தான். திறந்தது நான். ஸம்பத்குமார், தகப்பனார் பெயர் எம்பார் என்று தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். குழாய் ஒருமுறை செருமிவிட்டுக் கொட்டத் தொடங்கியது. குடங்கள் நிரம்புகிற சத்தம் என் ரூம்வரை கேட்டது. நாற்றம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. மருந்து வாசனை என்று அறிவித்தேன்.

கங்கம்மா பொன்னேரியிலிருந்து திரும்பி வரவில்லை. அந்த வாரம் முழுக்கக் குழாய்த்தெருவிலிருந்து வந்த சாவு மேளச் சத்தத்தில் என் செய்தியே சரியாகக் கேட்கவில்லை. அவள் போன செய்தியை நானேதான் வாசித்தேன். 'முதுமை காரணமாக' என்று வாசித்தேன். அவளுக்கு என் வயதுதான், இருந்தாலும் அப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். அழுதேன், மறைக்கவில்லை. அவள் அடுப்பு அணைந்த நாளிலிருந்து என் வெந்நீர்ப் பாடு சொல்லி மாளாது.

தேசப்பனை அனுப்பிவிடுங்கள். வருகிற வழியில் டீக்கடையில், தேசப்பனை விட்டுவிட்டார்கள் என்று உரக்கவே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இனி நீங்கள் விட்டாக வேண்டும். தொட்டியைப் பற்றியும் கவலை வேண்டாம். அதைக் காலி செய்து கழுவச் சுகாதாரத்துக்காரர்கள் வரப்போகிறார்கள். கழுவி மருந்தும் போட்டாயிற்று, காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும் என்று நேற்றுச் சாயங்காலமே வாசித்துவிட்டேன். சொன்னபடி ஆறு மணிக்குத் திறந்தும் விட்டேன். இனி அவர்கள் வராமல் எங்கே போவார்கள்? பாஷ்யம் சித்தப்பாவே வந்தார்.

ஏட்டய்யா, தண்ணீரா? நல்ல மனுஷர் நீங்கள். ஸ்டேஷன் குழாயில் இன்று காலை பிடித்ததா? இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் டம்ளர் காலியாக இருக்கிறதே, குடித்துவிட்டீர்களா? எனக்கு வேண்டாம். எனக்கு வெந்நீர்தான் ஒத்துக்கொள்ளும்.